வரியில்லாத பனிப் பள்ளத்தாக்கு: லிவின்யோ பற்றி வாசகர்கள் கேட்டவை

இத்தாலியின் வடக்கு எல்லையில், சுவிட்சர்லாந்தை ஒட்டி, 1816 மீட்டர் உயரத்தில் இருக்கும் லிவின்யோ என்ற பனிச்சறுக்கு ஊரில் மதிப்புக் கூட்டு வரி கிடையாது என்று சென்ற இதழில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அந்த ஒரு பத்திக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எனவே இம்முறை பகுதி முழுவதையும் அந்த ஊருக்கே ஒதுக்கிவிட்டேன். பலர் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எவருடைய பெயரையும் குறிப்பிடவில்லை.

கேள்வி: ஒரு நாட்டுக்குள் ஓர் ஊருக்கு மட்டும் வரி இல்லை என்பதை நம்ப முடியவில்லை. இது கடைக்காரர்களின் விளம்பரமா, அல்லது சட்டத்தில் இடம் பெற்றதா? அப்படியானால் அந்தச் சலுகை ஏன் கொடுக்கப்பட்டது?

பதில்: சட்டத்தில் தெளிவாகவே இடம் பெற்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லை எது என்று வரையறுக்கும் சட்டத்திலேயே, இத்தாலியக் குடியரசின் நிலப்பரப்பு முழுவதையும் சேர்த்துவிட்டு, லிவின்யோ நகராட்சியை மட்டும் விலக்கியிருக்கிறார்கள். அதனால் அங்கே இத்தாலியின் 22 சதவீத மதிப்புக் கூட்டு வரி இல்லை. பெட்ரோல், மது, புகையிலை ஆகியவற்றின் மீதான கலால் வரியும் இல்லை. அதே நேரத்தில் அந்த ஊர், நாடுகளுக்கிடையே கடவுச்சீட்டுச் சோதனையின்றிப் போய்வரும் ஷெங்கன் பகுதிக்குள்தான் இருக்கிறது. மனிதர்களுக்கு அங்கே எல்லை இல்லை, பொருள்களுக்கு மட்டுமே எல்லை என்று நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பதில்கள் எளிதில் விளங்கும்.

ஏன் என்ற கேள்விக்கு விடை அந்த ஊரின் குளிர்காலத்தில் இருக்கிறது. லிவின்யோவிலிருந்து இத்தாலியின் மற்றப் பகுதிக்கு வர வேண்டுமானால் ஐரா, ஃபொஸ்கான்யோ என்ற இரண்டு கணவாய்களை அடுத்தடுத்துக் கடக்க வேண்டும். இரண்டுமே 2200 மீட்டருக்கு மேல் உள்ளவை. ஃபொஸ்கான்யோ 2291 மீட்டர். பனி விழத் தொடங்கினால் அந்த வழி மூடிக்கொள்ளும். அதைக் குளிர்காலத்திலும் திறந்து வைக்கும் ஏற்பாடு 1950களில்தான் வந்தது. அதற்கு முன்பு, ஆண்டில் பாதி மாதங்கள் உலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டு, வைக்கோலையும் விறகையும் சேமித்து, மாடுகளோடு ஒரே கூரையின் கீழ் குளிரைக் கழித்த மக்கள் அவர்கள். அப்படிப்பட்ட இடத்தில் வரி வசூலிக்க ஆள் அனுப்புவதும் கடினம். வரியையும் போட்டால் மக்கள் ஊரையே விட்டுப் போய்விடுவார்கள் என்ற அச்சமும் ஆண்டவர்களுக்கு இருந்தது. நெப்போலியன் காலத்து ஆட்சி இந்த விலக்கை ஏற்றது, பின்னர் வந்த ஆஸ்திரியப் பேரரசு உறுதிப்படுத்தியது, இத்தாலி அரசு 1910இல் தனிச் சட்டமாக்கியது, இன்றைய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகமும் அதை அப்படியே விட்டுவைத்தது.

இதை நான் சற்று விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பளபளக்கும் வாசனைத் திரவியக் கடைகளை மட்டும் பார்த்துவிட்டு, இது பணக்காரர்களுக்காக உருவாக்கப்பட்ட சந்தை என்று எண்ணிக்கொள்பவர்கள் பலர். உண்மையில் இது ஏழை இடையர்களுக்கு, குளிரைத் தாங்கிக்கொண்டு மலையிலேயே இருந்ததற்காகக் கொடுக்கப்பட்ட ஈடு. அந்தக் கதை தெரிந்தால் அந்தத் தெருவில் நடக்கும் நடையே வேறாக இருக்கும் என்பது என் அனுபவம்.

கேள்வி: நாங்கள் சூரிச்சில் வசிக்கிறோம். கணவர், நான், 9 வயதும் 14 வயதும் ஆன இரண்டு பிள்ளைகள். காரில் போய் இரண்டு நாள் தங்கி, ஆண்டு முழுவதற்கும் வேண்டிய சில பொருள்களை வாங்கி வரலாமா? திரும்பும்போது எவ்வளவு கொண்டுவரலாம்?

பதில்: முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் செர்னெட்ஸ் ஊரிலிருந்து சுவிஸ் தேசியப் பூங்காவின் ஊடாகச் செல்லும் சாலையில் போய், முன்ட் லா ஷேரா சுரங்கப் பாதைக்குள் நுழைவீர்கள். இது சுற்றுலாவுக்காக வெட்டப்பட்டதன்று. எல்லையில் புன்ட் தல் கால் என்ற நீர்மின் அணை கட்டப்பட்ட 1960களில், கட்டுமானப் பொருள்களைக் கொண்டுபோக வெட்டியது. நீளம் ஏறக்குறைய மூன்றரைக் கிலோமீட்டர், அகலம் ஒரே ஒரு வண்டிக்கு. அதனால் ஒரு பக்கத்து வண்டிகள் முழுவதும் வெளியேறிய பிறகுதான் மறு பக்கத்துக்கு விளக்கு பச்சையாகும்.

நான் சென்றபோது சிவப்பு விளக்கின் முன் நெடுநேரம் நின்றோம். முன்னால் நின்ற வண்டியின் கூரையில் ஒரு முழம் உயரத்துக்குப் பனி படிந்திருந்தது. பச்சை விளக்கு எரிந்து உள்ளே நுழைந்ததும் இரண்டு பக்கமும் கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல ஈரப் பாறை நெருங்கி வந்தது. எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அந்த இருட்டு முடிந்த அடுத்த நொடியே, 130 மீட்டர் உயர அணையின் தலைமேல் வெட்டவெளியில் வண்டி போய்க்கொண்டிருந்தது. வலப் பக்கம் ஆழம், இடப் பக்கம் உறைந்து வெண்மையாகக் கிடந்த ஏரி. அந்த ஏரிக்கு அடியில் பழைய வீடுகள் இருந்த நிலம் கிடக்கிறது என்பதை ஊர்க்காரர் ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். சுரங்கத்துக்குக் கட்டணம் உண்டு. குளிர்காலச் சனிக்கிழமைகளில், விடுதி மாறும் நாள் என்பதால் கூட்டம் மிகுதி. முடிந்தால் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

இப்போது பொருள்களுக்கு வருகிறேன். சுவிட்சர்லாந்துக்குள் நுழையும்போது வரியின்றிக் கொண்டுவரக்கூடிய பொருள்களின் மதிப்பு, 2025 ஜனவரி 1 முதல் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 150 பிராங்க் என்று குறைக்கப்பட்டிருக்கிறது. முன்பு அது 300. பிள்ளைகளுக்கும் இதே வரம்பு உண்டு என்பதால் உங்கள் நால்வருக்கும் சேர்த்து 600 பிராங்க் வருகிறது. ஆனால் 400 பிராங்க் விலையுள்ள ஒரே ஒரு மேலங்கியை நால்வர் பெயரிலும் பிரித்துக் கணக்குக் காட்ட முடியாது. வரம்பைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமல்லாமல் முழு மதிப்புக்கும் வரி கட்ட வேண்டும். பொதுவான விகிதம் 8.1 சதவீதம். மதுவும் புகையிலையும் 17 வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமே. ஆளுக்கு 18 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ள மது 5 லிட்டர், அதற்கு மேற்பட்ட கடின மது 1 லிட்டர், சிகரெட்டு 250.

சுவிஸ் சுங்கத் துறையின் குவிக்ட்ஸோல் என்ற கைபேசிச் செயலியில் எல்லைக்கு வருமுன்பே பொருள்களைப் பதிந்து வரியைக் கட்டிவிடலாம். வரம்பைத் தாண்டியிருந்தால் தயங்காமல் அதைச் செய்யுங்கள். 8.1 சதவீதம் கட்டிய பிறகும் பல பொருள்கள் உங்களுக்கு மலிவாகவே இருக்கும். ஒளித்துக் கொண்டுவந்து, பிள்ளைகளின் கண் முன்னே அதிகாரியிடம் பதில் சொல்லும் நிலை எந்தப் பெற்றோருக்கும் வரக்கூடாது.

ஆண்டு முழுவதற்கும் வாங்கி வைப்பது என்ற எண்ணத்தை மட்டும் கைவிடச் சொல்வேன். சுரங்கக் கட்டணம், விடுதி, உணவு எல்லாவற்றையும் கூட்டினால் சோப்பிலும் சாக்லேட்டிலும் மிச்சம் பிடித்தது எங்கோ போய்விடும். பிள்ளைகள் பனியில் விளையாடட்டும். திரும்பும் நாளில் வண்டியின் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐரோப்பாவுக்குச் சுற்றுலா செல்கிறேன். வெகுநாளாக ஆசைப்பட்ட நல்ல கேமரா ஒன்றை லிவின்யோவில் வாங்கிவிட்டு, மிலான் வழியாக விமானம் ஏறலாம் என்பது என் திட்டம். வரியே இல்லாத ஊரில் வாங்குவதுதானே லாபம்?

பதில்: தயவுசெய்து அந்தத் திட்டத்தை மாற்றிக்கொள்ளுங்கள். இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதே தவறான எண்ணத்தில் எழுதப்பட்டவை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வரியில்லாமல் வாங்குவதில் இரண்டு வகை உண்டு. லிவின்யோவில் கடைக்காரர் வரியையே போடுவதில்லை. மிலானில் கடைக்காரர் 22 சதவீத வரியைச் சேர்த்தே விற்கிறார்; ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிக்கும் பயணி, அந்தப் பொருளைத் தன் பெட்டியில் வைத்து ஒன்றியத்தை விட்டு வெளியேறும்போது அந்த வரியைத் திரும்பப் பெறலாம். இத்தாலியில் ஒரே கடையில் 70 யூரோவுக்கு மேல் வாங்கினால் போதும். கடவுச்சீட்டைக் காட்டி அதற்கான படிவத்தைக் கடையிலேயே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

வரிக்கு முன் 1000 யூரோ விலையுள்ள ஒரு கேமராவை எடுத்துக்கொள்வோம். மிலானில் 1220 கொடுக்கிறீர்கள். விமான நிலையத்தில் சுங்கத்தின் ஒப்புதல் பெற்று வரியைத் திரும்பக் கேட்கிறீர்கள். இடையில் நிற்கும் நிறுவனம் தன் கட்டணத்தைக் கழித்துக்கொள்வதால் 220 முழுவதும் கைக்கு வராது, ஆனாலும் கணிசமான தொகை வரும். லிவின்யோவில் அதே கேமராவுக்கு 1000 கொடுக்கிறீர்கள். ஆனால் மிலானுக்கு வர நீங்கள் ஃபொஸ்கான்யோ கணவாயைக் கடக்க வேண்டும், அங்கே இத்தாலியின் நிதிக் காவல் படையான குவார்டியா டி ஃபினான்சாவின் சோதனைச் சாவடி இருக்கிறது. சாலை வழியாக ஒன்றியத்தின் சுங்க எல்லைக்குள் நுழையும் ஒருவருக்கு உள்ள வரம்பு 300 யூரோ. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதிலும் குறைவு. ஒரு பொருளின் விலை அதைத் தாண்டினால் அதன் முழு மதிப்புக்கும் அங்கேயே வரி கட்ட வேண்டும். உடன் மூன்று பேர் வந்தாலும் ஒரு கேமராவை மூன்றாகப் பங்கிட முடியாது. அப்படிக் கட்டிய வரியை விமான நிலையத்தில் திரும்பக் கேட்க உங்களிடம் கடையின் படிவமும் இருக்காது. ஆகவே வரியில்லாத ஊரில் வாங்கிய நீங்கள் முழு வரியையும் கட்டியவராகவும், மிலானில் வாங்கியவர் வரியைத் திரும்பப் பெற்றவராகவும் முடிவீர்கள்.

எனவே விலையுயர்ந்த ஒற்றைப் பொருளை மிலானில் வாங்குங்கள். 300 யூரோவுக்குள் அடங்கும் வாசனைத் திரவியம், மூக்குக் கண்ணாடி, கையுறை, குளிர் உடை போன்றவற்றை லிவின்யோவில் வாங்குங்கள். மதுவும் புகையிலையும் இந்த 300க்குள் சேராமல் தனிக் கணக்கில் வரும்: ஒருவருக்கு 22 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள மது 1 லிட்டர், அத்துடன் திராட்சை மது 4 லிட்டர், பீர் 16 லிட்டர், சிகரெட்டு 200. வண்டியின் டேங்கில் இருக்கும் எரிபொருளோடு, தனிக் கலனில் 10 லிட்டரும் கொண்டுவரலாம்.

இன்னொன்று. ஏற்கனவே சொந்தமாக வைத்திருக்கும் கேமராவையோ மடிக்கணினியையோ கொண்டுபோனால், அதன் ரசீதின் நகலைக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளாமல் போனேன். சாவடியில் இருந்த இளைஞர் என் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோல் வாரின் ஓரம் தேய்ந்து நூல் பிரிந்திருந்ததை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, புதிதில்லை என்று தலையசைத்துத் திருப்பித் தந்தார். அந்தத் தேய்ந்த வார் இல்லாதிருந்தால் எதைக் காட்டியிருப்பேன் என்று இன்றும் தெரியவில்லை.

கேள்வி: சாம்நவுன், அந்தோரா ஆகிய இடங்களும் இதே போன்றவை என்கிறார்களே?

பதில்: சாம்நவுன் உண்மையிலேயே லிவின்யோவின் உடன்பிறப்பு. சுவிட்சர்லாந்துக்குச் சொந்தமான அந்த ஊரும் 1800 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே போக ஆஸ்திரியா வழியாக மட்டுமே சாலை இருந்ததால், ஒவ்வொரு மூட்டைக்கும் சுங்கம் கட்டி மாளவில்லை என்று ஊரார் முறையிட, 1892இல் சுங்க விலக்கு கிடைத்தது. பின்னர் 1912இல் சுவிஸ் பக்கத்திலிருந்தே சாலை வந்துவிட்ட பிறகும் விலக்கு நீடிக்கிறது. ஆஸ்திரியாவின் இஷ்கிள் ஊரும் சாம்நவுனும் ஒரே சறுக்குப் பரப்பாக இணைக்கப்பட்டிருப்பதால், காலையில் ஒரு நாட்டிலிருந்து சறுக்கிக்கொண்டே மற்ற நாட்டுக்குப் போய், முதுகுப் பையில் பொருள் வாங்கிக்கொண்டு மாலையில் லிஃப்டில் திரும்பலாம். சுங்க விதிகள் பனியில் சறுக்கி வருபவருக்கும் பொருந்தும். பை சோதிக்கப்படுவதும் உண்டு.

அந்தோரா ஆல்ப்ஸ் மலையில் இல்லை, பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையில் பிரனீஸ் மலையில் இருக்கும் தனி நாடு. அங்கே வரி இல்லை என்பதும் சரியன்று, 4.5 சதவீதம் என்ற குறைந்த வரி உண்டு. அந்தோரா ஷெங்கனில் சேராதது என்பதால், ஒருமுறை மட்டும் நுழையும் ஷெங்கன் விசாவில் அங்கே போய்விட்டால் திரும்பி வர வழியில்லாமல் போகும். பலமுறை நுழையும் விசா கட்டாயம் வேண்டும். லிவின்யோவுக்கும் சாம்நவுனுக்கும் இந்தக் கவலை இல்லை.

கேள்வி: எனக்கு வயது 41. பனிச்சறுக்குப் பலகையைக் காலில் மாட்டியதே இல்லை. இரண்டு நாளில் கற்றுக்கொள்ள முடியுமா? ஒலிம்பிக் போட்டி நடந்த மலையாமே, எனக்கு அங்கே இடம் உண்டா?

பதில்: உண்டு, நன்றாகவே உண்டு. 2026ஆம் ஆண்டு மிலான் – கோர்த்தினா குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்டு போட்டிகளும் சாகசச் சறுக்குப் போட்டிகளும் லிவின்யோவுக்குத்தான் ஒதுக்கப்பட்டன. 26 தங்கப் பதக்கங்களுக்கான களம் அது. ஆனால் அதே பள்ளத்தாக்கின் அடிவாரத்தில், தெருவை ஒட்டியே, மூன்று வயதுக் குழந்தைகள் வாத்துக் குஞ்சுகள் போல வரிசையாகச் சறுக்கிப் பழகும் மென்மையான சரிவுகளும் நீண்டு கிடக்கின்றன. இந்த அமைப்புதான் லிவின்யோவைத் தொடக்கக்காரர்களுக்கு ஏற்ற ஊராக்குகிறது: ஊர் பள்ளத்தாக்கின் நீளத்துக்குப் பரவியிருக்கிறது, ஒரு பக்கம் மொத்தொலினோ மலை, எதிர்ப் பக்கம் கரோசெல்லோ 3000, இரண்டையும் இணைக்கக் கட்டணமில்லாப் பேருந்து ஓடுகிறது. சரிவுகள் நீலம், சிவப்பு, கறுப்பு என்று நிறத்தால் பிரிக்கப்பட்டிருக்கும். நீங்கள் இரண்டு நாளும் நீலத்திலேயே இருங்கள்.

முதல் நாள் காலையில் பயிற்றுநரை அமர்த்திக்கொள்ளுங்கள். நண்பர் கற்றுத் தருகிறேன் என்றால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். நட்பும் முழங்காலும் ஒருசேரத் தப்பும். முதல் பாடம் சறுக்குவது அன்று, நிற்பது. பலகைகளின் முனைகளை உள்பக்கம் சாய்த்து, குதிகால்களை அகட்டி, ஆப்பு வடிவில் வைத்தால் வேகம் தணியும். உடம்பு பயத்தில் தானாகவே பின்னுக்குச் சாயும். அப்படிச் சாய்ந்தால் பலகை கட்டுக்குள் இருக்காது. முழங்காலுக்குக் கீழுள்ள முன்னெலும்பு காலணியின் முன்பக்கத்தை அழுத்துகிறதா என்று மட்டும் கவனித்துக்கொண்டிருங்கள், மற்றது வந்துவிடும். முன்னால் போகிறவருக்கே வழி உரிமை என்பதும், மேலிருந்து வருபவர்தான் விலகிச் செல்ல வேண்டும் என்பதும் உலகெங்கும் உள்ள விதி.

இத்தாலியில் இரண்டு கட்டாயங்கள் உண்டு. பிறருக்கு ஏற்படும் காயத்துக்கான பொறுப்புக் காப்பீடு இல்லாமல் சறுக்குப் பாதைக்குள் இறங்கக் கூடாது என்பது 2022 ஜனவரி முதல் சட்டம். லிஃப்ட் பாஸ் வாங்கும்போதே சிறு தொகைக்கு நாள் கணக்கில் அதை வாங்கிவிடலாம். முன்பு 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் கட்டாயமாக இருந்த தலைக்கவசம், 2025 நவம்பர் 1 முதல் எல்லா வயதினருக்கும் கட்டாயம். இவை தவிர, ஷெங்கன் விசாவுக்காக நீங்கள் எடுக்கும் 30,000 யூரோ மருத்துவக் காப்பீட்டில் பனிச்சறுக்கு விபத்தும் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று விசாரித்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பல திட்டங்களில் அதை விலக்கியிருப்பார்கள். மலைச் சரிவிலிருந்து ஹெலிகாப்டரில் கீழே கொண்டுவரும் செலவை எந்தக் கடைத்தெருவின் மலிவும் ஈடுகட்டாது.

கேள்வி: கார் இல்லாமல் போக முடியுமா? எந்த மாதம் நல்லது?

பதில்: முடியும். மிலான் மத்திய நிலையத்திலிருந்து ஏறக்குறைய இரண்டரை மணி நேர ரயிலில் திரானோ. அங்கிருந்து போர்மியோ வழியாகப் பேருந்து. சுவிஸ் பக்கம் என்றால் செர்னெட்ஸ் வரை ரயில், பிறகு சுரங்கம் வழியாகப் பேருந்து. நேரம் இருப்பவர்கள் செயின்ட் மோரிட்ஸிலிருந்து திரானோவுக்கு பெர்னினா மலை ரயிலில் வாருங்கள். 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த அந்தப் பாதை 2253 மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. வாடகைக் காரில் போகிறவர்கள், 2315 மீட்டர் உயர ஃபோர்கொலா கணவாய் குளிர்காலத்தில் மூடப்பட்டிருக்கும் என்பதை மறக்கக் கூடாது. வரைபடத்தில் அது குறுக்கு வழியாகத் தெரியும்.

ஊர் உயரத்தில் இருப்பதால் நவம்பர் இறுதி முதல் மே தொடக்கம் வரை பனி நிற்கிறது. கிறிஸ்துமஸ் விடுமுறையும் பிப்ரவரியும் கூட்டமும் விலையும் கூடிய நாள்கள். என் தேர்வு மார்ச்: பகல் நீண்டிருக்கும், வெயில் இதமாக இருக்கும், பனியும் குறையாது.

கேள்வி: நாங்கள் சைவம். பட்டினி கிடக்க நேருமா?

பதில்: நேராது. வால்தெல்லினா வட்டாரத்தின் பெருமையான பித்சொக்கெரி, பக்வீட் என்ற தானியத்தின் மாவில் செய்த பட்டை நூடுல்ஸ். உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் பாலாடைக்கட்டியும் பூண்டு தாளித்த வெண்ணெயும் சேர்ந்து, குளிரில் வயிற்றுக்கு அடக்கமாக இருக்கும். ஷாத் என்ற பாலாடைக்கட்டிப் பொரியலும் சுவையானது. ஆனால் அதன் மாவில் கிராப்பா என்ற மதுவைச் சிறிது சேர்ப்பது வழக்கம். பாரம்பரியப் பாலாடைக்கட்டிகளை உறையவைக்கக் கன்றின் இரைப்பை நொதியைப் பயன்படுத்துவார்கள் என்பதால், அதையும் தவிர்ப்பவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். பிரெசாவொலா என்று எழுதியிருந்தால் அது உலர்த்திய மாட்டிறைச்சி.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார். பனியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. இவ்வளவு உயரம் அவருக்கு ஒத்துக்கொள்ளுமா?

பதில்: இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அம்மாவை அழைத்துச் செல்லுங்கள். ஆனால் புறப்படுமுன் அவருடைய மருத்துவரிடம், 1800 மீட்டரில் தங்கி, சில மணி நேரம் 2800 மீட்டர் வரை போய் வரப்போகிறோம் என்று இந்த எண்களையே சொல்லிக் கேட்டுவிடுங்கள். உயரம் என்று பொதுவாகச் சொன்னால் பதிலும் பொதுவாகவே வரும்.

லிவின்யோவில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு. மலை நோய் என்று சொல்லப்படும் தலைவலியும் குமட்டலும் பெரும்பாலும் 2500 மீட்டருக்கு மேலே தூங்குபவர்களுக்கு வருவது. ஊரில் தங்குவதால் பலருக்கு மாடிப்படியில் சற்று மூச்சு வாங்குவதோடு சரி. குறைந்த ஆக்சிஜனுக்கு உடல் பழகட்டும் என்றே விளையாட்டு வீரர்கள் இங்கே வந்து வாரக்கணக்கில் பயிற்சி செய்கிறார்கள். வந்த நாளில் ஓய்வு. மறுநாள் தெருவில் நடை. மூன்றாம் நாள் கேபிள் காரில் மேலே போகலாம். மேல் நிலையத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்குதான் என்பதால் அங்கே நெடுநேரம் தங்க வேண்டாம். தலை சுற்றினாலோ நெஞ்சு அடைப்பது போல் இருந்தாலோ பொறுத்துப் பார்க்காமல் உடனே கீழே இறங்கி மருத்துவரைப் பாருங்கள். காற்று உலர்ந்தது, தாகம் தெரியாது. வெந்நீர்க் குடுவை கையில் இருக்கட்டும். மாத்திரைகளை இரண்டாகப் பிரித்து இரண்டு பைகளில் வையுங்கள்.

கண்ணைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. புதிய பனி புற ஊதாக் கதிரில் ஐந்தில் நான்கு பங்கு வரை திருப்பி அனுப்பிவிடும்; உயரம் கூடக் கூட அந்தக் கதிரும் கூடும். அம்மாவுக்கு நல்ல கறுப்புக் கண்ணாடி ஒன்றை அந்த ஊரிலேயே, மேலே ஏறுமுன் வாங்கிக் கொடுங்கள். அங்கே விலை குறைவாக வாங்கத் தகுந்த பொருள்களில் அதுவும் ஒன்று. காலணியின் அடிப்பாகத்தில் மாட்டிக்கொள்ளும் முள் பட்டையும் வாங்குங்கள். மாலையில் கடைத்தெருப் பனி உருகி மீண்டும் உறைந்து கண்ணாடி போலாகிவிடும், வயதானவர்கள் விழுவது பெரும்பாலும் அப்போதுதான்.

சமையலறையுள்ள வீடு எடுத்துத் தங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். எங்கள் முதல் நாள் சோறு, பாத்திரம் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தும், நடுவில் அரிசியாகவே நின்றது. பருப்பு ஒன்றரை மணி நேரமாகியும் மசியவில்லை. சிறிய குக்கர் ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். அம்மா மேலே பனியைத் தொட்டுவிட்டு வந்த அன்று மாலை, அவருக்குச் சூடாக ஒரு குழைந்த சோறு கிடைக்கும்.